கோப்பின் கைரேகை

தோட்டத்துப் பதிவேட்டில் ஒரே பெயரினர் பலர் இருப்பர்; பெருவிரல் ரேகையோ ஒருவர்க்கே உரியது. கணினிக் கோப்பிற்கும் இத்தகையதோர் அடையாளம் உண்டு. கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கணித முறைக்கு உட்படுத்திப் பெறும் எண்ணே அது, 'ஹாஷ்' எனப்படும். 'ஷா-256' முறையில், கோப்பு எத்துணைப் பெரிதாயினும், அவ்வெண்ணின் நீளம் 256 பிட்டுகளே. பெயரை மாற்றினும் எண் மாறாது. உள்ளே ஓரெழுத்து மாறினும் எண் முற்றும் வேறாகும்.

அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் அறியப்பட்ட மென்பொருட் கோப்புகளின் ஹாஷ் எண்களைத் தொகுத்து வெளியிடுகின்றது. கைப்பற்றிய கணினியை ஆராயும் புலனாய்வாளர், அத்தொகுப்பிற் காணப்படும் கோப்புகளை ஒதுக்கி, எஞ்சியவற்றையே நோக்குவர். இதனால் உழைப்புப் பெரிதும் குறையும்.

எனினும், பிறர் கணினியுள் அத்துமீறி நுழைய உதவும் கருவிகளும் அத்தொகுப்பில் உள. அவற்றையும் ஆராயாது ஒதுக்குவோர் குற்றத்தின் தடயத்தையே தவறவிடுவர். ரேகை ஆளைக் காட்டும், குணத்தைக் காட்டாது.