மே 6-க்குப் பிறகு அந்த ஆறு பட்டன்கள்

முதலில் பிப்ரவரி 18 என்றார்கள்; பிறகு 2026 மே 6 என்று தள்ளினார்கள். போஸ் நிறுவனம் தன் சவுண்ட்டச் ஸ்பீக்கர்களுக்கான கிளவுட் சேவையை நிறுத்தும் நாள் அது. இரண்டு தேதியையும் படித்துக் குழம்பியவர்களின் கடிதங்களில் போனக்காட்டிலிருந்து வந்தது சுருக்கமானது: “பெட்டி என்னுடையது, கரண்ட் பில்லும் நெட் பில்லும் நான் கட்டுவது. பட்டன் மட்டும் எப்படி நிற்கும்?”

பட்டனுக்குள் எதுவுமே இல்லை, அதனால்தான்.

பெட்டியின் மேல் 1 முதல் 6 வரை எண்கள். மூன்றை அமுக்கினால் பிடித்த இணைய வானொலி பாடும். நிலையம் உள்ளே பதிந்திருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் பெட்டி நிறுவனத்தின் சர்வரிடம் போய், இந்த நிலையம் எந்த முகவரியில் ஒலிக்கிறது என்று விசாரிக்கிறது. முகவரி கிடைத்ததும் பாட்டை வானொலியிடமிருந்து நேராக வாங்கிக்கொள்கிறது. நிறுவனம் வழி சொல்வதோடு சரி. வானொலியும் இருக்கும், உங்கள் நெட்டும் இருக்கும். வழி சொல்ல ஆள் இருக்காது.

யாரிடம் விசாரிப்பது என்பது பெட்டியின் மென்பொருளில் எழுதியிருக்கும் ஒரு முகவரி. அதை மாற்ற செட்டிங்கில் ஓர் இடம் விட்டிருந்தால் மே 6 சத்தமில்லாமல் கடந்து போயிருக்கும். இப்போது ஆர்வலர்கள் பின்வாசல் வழியாக அதைத் திருத்தி, வீட்டுக் கம்ப்யூட்டரையே போஸ் சர்வராக நடிக்க வைக்கிறார்கள்.

‘ஓப்பன் சோர்ஸ் ஆக்கிவிட்டது’ என்று ஜனவரியில் செய்தி வந்ததே? நிறுவனம் வெளியிட்டது ஏபிஐ ஆவணம். எந்தக் கட்டளைக்குப் பெட்டி என்ன செய்யும் என்ற பட்டியல், மூலநிரல் அல்ல. சாவி கேட்டவருக்குக் காலிங் பெல்லைக் காட்டிய கதை. ஆனாலும், 2024 டிசம்பர் 9-ல் ‘கார் திங்’ என்ற காருக்கான பாட்டுக் கருவியை அடியோடு முடக்கிய ஸ்பாட்டிஃபையைவிட இது மேல்.

மறுபக்கம் ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற இணைய இசைப் பெட்டி. லாஜிடெக் அதன் இணைய சேவையை 2024-ல் மூடியது. சர்வர் மென்பொருளின் மூலநிரல் தொடக்கத்திலிருந்தே வெளியில் இருந்ததால், அதை லிரியன் என்ற பெயரில் ஆர்வலர்கள் நடத்துகிறார்கள். பழைய பெட்டிகள் பாடுகின்றன. போனக்காடு இருக்கும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2001-ல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது, மென்பொருளை எவரும் இப்படி எடுத்து நடத்தும் உரிமைக்காகத்தான்.

மற்ற கேள்விகள்:

ப்ளூடூத்? பெட்டியில் இருந்தால் வேலை செய்யும்.

ஸ்பாட்டிஃபை? அதன் ஆப்பிலிருந்தே அனுப்புங்கள்.

பாதுகாப்பு அப்டேட்? வராது.

மென்பொருளைத் திருத்தினால் குற்றமா? பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் தண்டிக்கிறது. சொந்தப் பெட்டியில் வானொலி கேட்பது அதில் சேராது என்பதே என் வாசிப்பு.

எடைக்குப் போடலாமா? வேண்டாம், ஆக்ஸ் ஒயர் ஒன்று வாங்குங்கள்.