பான் மீ யாருடைய ரொட்டி?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள ஓபர்லின் கல்லூரியில், 2015 நவம்பரில், விடுதிச் சாப்பாட்டை வைத்து ஒரு ரகளை கிளம்பியது. சாப்பாட்டுப் பட்டியலில் 'பான் மீ' என்று போட்டிருந்தார்கள். வியட்நாமின் தெருவோர ரொட்டி அது. மொறுமொறு பாகெட்டைப் பிளந்து, சுட்ட பன்றி இறைச்சி, ஈரல் விழுது, ஊறவைத்த காய்கறி, மல்லித்தழை என்று அடைத்துத் தருவார்கள். தட்டில் வந்ததோ இத்தாலிய சியபாட்டா ரொட்டியும் முட்டைக்கோஸ் சாலட்டும். வியட்நாமிலிருந்து வந்திருந்த முதலாண்டு மாணவிக்குப் பொறுக்கவில்லை. சுஷியில் சோறே வேகவில்லை என்று இன்னொரு புகார். 'பண்பாட்டு அபகரிப்பு' என்ற குற்றச்சாட்டு மாணவர் பத்திரிகையில் ஏறி, அடுத்த மாதமே தேசியச் செய்தியானது. பலரும் சிரித்தார்கள். எந்த ஊர் விடுதிச் சாப்பாடு அதன் பெயருக்குப் பொருத்தமாக இருந்திருக்கிறது?

சிரித்தவர்கள் பக்கம் வலுவான வாதமும் இருந்தது. பாகெட் ரொட்டியும் ஈரல் விழுதும் வியட்நாமுக்குப் போனதே பிரெஞ்சு ஆதிக்கத்தோடுதான். விடுதியில் பொரிக்காமல் அவித்துக் கொடுத்தார்கள் என்று குறைப்பட்ட சீனப் பண்டமான 'ஜெனரல் ட்ஸோ கோழி'யை உருவாக்கியவர் பெங் சாங்-குவெய், 1950களில், தைவானில். அதற்கு இனிப்பு ஏறியது அமெரிக்காவில். நம் அடுப்படியும் விலக்கல்ல. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியக் கப்பல்களில் வந்தது. தமிழில் அதற்குப் பெயர் வைக்கவே மிளகிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது.

அப்படியானால் அடுத்தவர் பண்டத்தைச் சமைப்பதில் பிரச்சினையே இல்லையா? நியூயார்க்கில் 2019 ஏப்ரலில் திறந்த 'லக்கி லீஸ்' உணவகத்தைப் பார்த்தால் கோபம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கும். கடை நடத்தியவர் வெள்ளை அமெரிக்கப் பெண்மணி. சீன உணவைச் சமைத்து விற்றிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் விளம்பரம் செய்தது 'சுத்தமான' சீன உணவு என்று. மற்ற கடை நூடுல்ஸ் போல மறுநாள் வயிறு உப்பிக் குமட்டாது என்றும் சொல்லிக்கொண்டார்.

'சுத்தம்' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதை அமெரிக்கா 1882-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. 1943 வரை அது நீடித்தது. வியாபாரிகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 1915-ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக முதலாளிகளையும் வியாபாரிகள் கணக்கில் சேர்த்ததால், சாப்பாட்டுக் கடை வைப்பது நாட்டுக்குள் நுழையும் வழிகளில் ஒன்றாயிற்று. பிழைப்புக்காக வைத்த அந்தக் கடைகளைத்தான் அழுக்கு, கண்ட இறைச்சி என்று ஏளனம் செய்தார்கள். பிறகு 1968-ல், சீனக் கடையில் சாப்பிட்டபின் வரும் மரமரப்பைப் பற்றி மருத்துவ இதழொன்றில் ஒரு மருத்துவரின் கடிதம் வர, அஜினமோட்டோ பயம் பிறந்தது. அதிலுள்ள குளூட்டமேட் தக்காளியிலும் இயல்பாக உண்டு என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. நம் ஊர் ஃபாஸ்ட்ஃபுட் கடைகளில் 'அஜினமோட்டோ சேர்ப்பதில்லை' என்று எழுதிவைப்பது அந்தப் பயத்தின் வால்தான்.

இந்த வரலாற்றின் மேல் நின்றுகொண்டு 'எங்களுடையது சுத்தம்' என்றால் வலிக்காதா? லக்கி லீஸ் அதே ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது.

எல்லா வழக்கும் இவ்வளவு தெளிவாக இராது. 2017-ல் போர்ட்லாந்து நகரில் புரீட்டோ விற்ற இரு பெண்கள், மெக்சிகோவின் புவெர்ட்டோ நுவேவோவில் டொர்ட்டியா சுடும் பெண்களிடம் பக்குவம் கேட்டதையும், அவர்கள் முழுதாகச் சொல்லாததால் சமையலறை ஜன்னல் வழியே எட்டிப்பார்த்ததையும் பேட்டியில் பெருமையாகச் சொன்னார்கள். எதிர்ப்பு வெடித்தது, சில நாட்களில் கடை மூடியது. பார்த்துக் கற்பது திருட்டாகாது. எல்லாச் சமையற்காரரும் அப்படித்தான் கற்கிறார்கள். ஆனால் சொல்ல விரும்பாதவர் வீட்டு ஜன்னலில் எட்டிப்பார்ப்பது குறைந்தபட்சம் மரியாதைக் குறைவு. கடையை மூடவைக்கும் அளவுக்குப் பெரிய குற்றமா என்றால், இல்லை.

சமைப்பவர் எந்த இனம் என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் தடுக்கி விழுவோம். புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-ல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியபோது, கண்டுபிடிப்பாளர்களாகப் பெயர் போட்டிருந்த இருவரும் இந்திய வம்சாவளியினர். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து முறையிட்டு 1997-ல் அதை ரத்து செய்யவைத்தது. பாட்டி வைத்தியத்துக்குத் தனியுரிமை கேட்டார்கள். அபகரிப்பு என்ற சொல் அங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

செய்முறையைப் பூட்டிவைக்கச் சட்டத்தில் பெரிதாக வழியில்லை. பெயரைக் காக்க வழியுண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த மிட்டாயைக் கோவில்பட்டிப் பெயர் போட்டு விற்கக் கூடாது. வெல்லப்பாகு காய்ச்சிக் கடலை மிட்டாய் செய்வதை மட்டும் எந்த ஊரிலும் யாரும் தடுக்க முடியாது.