தூண்டில் ரீலை வீட்டிலேயே பழுது பார்க்கலாம்

நம் கடற்கரைகளில் கைக்கயிற்றோடு ரீல் வைத்த தூண்டில் கம்பும் இன்று புழக்கத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் பணம் போட்டு வாங்குகிற இந்த ரீல், சிலரிடம் ஒரே வருஷத்தில் இறுகிப் போகிறது. "கம்பெனி சரியில்லை" என்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி வேறு ஆள். அது உப்பு!

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பேரிங்கை அரிக்கும். அலுமினிய உடம்பும் எஃகுத் திருகும் சேருகிற இடத்தில் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே முதல் வைத்தியம் எண்ணெய் அல்ல, நல்ல தண்ணீர்.

கடலிலிருந்து வந்த அன்றைக்கே கழுவிடணும். கழுவும் முன், ஸ்பூல் தலையிலுள்ள டிராக் குமிழை நன்றாக முடுக்குங்க. அப்போதுதான் உள்ளே இருக்கும் வாஷர்களுக்குத் தண்ணீர் போகாது. பிறகு குவளையில் மொண்டு மெதுவாக ஊற்றுங்க. குழாயை வேகமாகப் பீய்ச்சினால் வெளியே இருக்கிற உப்பும் மணலும் உள்ளே போய்விடும். வாளியில் முக்கி ஊற வைப்பதும் கூடாது. துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்க. காய்ந்ததும் டிராக் குமிழைத் தளர்த்தி வையுங்க. முடுக்கியே வைத்தால் வாஷர் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு பெரிய பாறை மீன் இழுக்கும்போது நரம்பு விட்டுக் கொடுக்காது, முடிச்சில் பட்டென்று அறுந்துவிடும். மீனும் போச்சு, நரம்பும் போச்சு!

மாதம் ஒரு தடவை, நரம்பு ஓடுகிற சின்ன உருளையை விரலால் சுற்றிப் பாருங்க. சுற்றவில்லையென்றால் அது நரம்பை அறுக்கும் ரம்பம் மாதிரி. அதற்கு ஒரு சொட்டு, கைப்பிடி மூட்டுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். தையல் மிஷின் எண்ணெய் ஆகும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகிவிடும். துருவை இளக்கும் ஸ்பிரேயும் எண்ணெய்க்கு மாற்று ஆகாது. உள்ளே இருக்கிற கிரீஸையே அது கரைத்துவிடும்.

வருஷத்துக்கு ஒரு முறை உள்ளே திறந்து பார்க்கணும். வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் முட்டை அட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்க. கழற்றுகிற சாமானை வரிசையாகக் குழிக்கு ஒன்றாகப் போடுங்க. ஒவ்வொரு படியிலும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், மாட்டும்போது குழப்பமில்லை. திருகுகள் ஒரே நீளமாக இருக்காது. குட்டைத் திருகு இருந்த துளையில் நெட்டைத் திருகை முறுக்கினால் உடம்பு வெடித்துவிடும்.

பல்சக்கரம், பேரிங் போன்ற உலோகச் சாமான்களைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணெண்ணெயில் கழுவலாம். அடுப்பு, பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கழுவிய பேரிங் காய்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, காதருகே சுழற்றிக் கேளுங்க. கரகரவென்றால் மாற்றத்தான் வேண்டும். பழையதைக் கையோடு பேரிங் கடைக்கு எடுத்துப் போனால், அளவு பார்த்துக் கொடுப்பார்கள்.

இனி எதற்கு எது? பல்சக்கரத்துக்கு, தண்ணீரில் கரையாத கிரீஸைப் பல்லில் மெல்லிசாகத் தடவுங்க. அள்ளி அப்பினால் ரீல் கனத்துச் சுற்றும். பேரிங்குக்கு எண்ணெய். கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கிற கிளட்ச்சுக்குக் கிரீஸ் கூடவே கூடாது, துளி எண்ணெய் மட்டும். கிரீஸ் பட்டால் வழுக்கி, மீன் இழுக்கும்போது கைப்பிடி பின்னால் சுழன்று விரலை அடித்துவிடும். டிராக் வாஷருக்குச் சாதாரண எண்ணெய் ஆகாது. அதற்கென்று உள்ள கிரீஸ் தனி. உலர்வாக வந்த வாஷர் உலர்வாகவே இருக்கட்டும். கடைசியில் திருகுகளின் மரையில் துளி கிரீஸ் தொட்டு மாட்டுங்க. அடுத்த வருஷம் சுலபமாகக் கழலும்.

ஒரு எச்சரிக்கை. உத்தரவாதக் காலம் முடியாத ரீலையும், திறக்கக் கூடாது என்று கையேட்டில் போட்டிருக்கிற ரீலையும் திறக்காதீங்க. அவற்றுக்கு வெளிக் கழுவல் போதும், உள்வேலையை விவரம் தெரிந்த மெக்கானிக் பார்க்கட்டும்.

வலையை உலர்த்தாமல் சுருட்டி வைப்போமா? மாட்டோம். ரீலுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்க. இன்றைக்குக் கடலுக்குப் போய் வந்தவர்கள், சாப்பிட உட்காரும் முன் ஒரு குவளைத் தண்ணீரிலிருந்தே தொடங்கலாம்.