பிளாஸ்டிக் டப்பாவில் களிமண் அலங்காரம்: உரிந்து விழாமல் செய்வது எப்படி?

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்தில், ஆமயிழஞ்சான் கால்வாயைத் தூய்மைப்படுத்த இறங்கிய தொழிலாளர் ஒருவர் 2024 ஜூலை 13 அன்று நீரில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். ரயில் நிலையத்திற்கு அடியில் செல்லும் அக்கால்வாயில் குவிந்திருந்த பிளாஸ்டிக் கழிவுகள் மீட்புப் பணிக்குப் பெரும் தடையாக இருந்தன. மூன்றாம் நாளில்தான் உடல் மீட்கப்பட்டது.

வீட்டில் சேரும் டப்பாக்கள் கால்வாயைச் சென்றடையாமல் தடுக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, கழுவி உலர்த்தி, வீடு தேடி வரும் ஹரித கர்ம சேனா பணியாளர்களிடம் ஒப்படைப்பது. மற்றொன்று, மீண்டும் பயன்படுத்துவது. காற்றில் உலரும் களிமண்ணால் டப்பாவை அலங்கரிப்பது இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

ஏன் வெடிக்கிறது?

இக்களிமண்ணைச் சூளையில் சுட வேண்டியதில்லை. அதிலுள்ள நீர் ஆவியாகும்போது இறுகுகிறது. அப்போது சற்றுச் சுருங்கவும் செய்கிறது. ஆனால் பிளாஸ்டிக் சுருங்குவதில்லை, நீரையும் உறிஞ்சுவதில்லை. இதனால் களிமண்ணில் வெடிப்பு விழுகிறது, நாளடைவில் உரிந்துவிடுகிறது. அடியில் 2 அல்லது 5 என்ற எண் உள்ள டப்பாக்களில் பசையும் எளிதில் பிடிப்பதில்லை.

செய்முறை

அழுத்தினால் நெளியாத, கெட்டியான டப்பாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணெய்ப் பசை போகக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவிய காகிதத்தை முழுவதுமாகச் சுற்ற வேண்டும். அது காய்ந்தபின் களிமண்ணை ஒரே சீராக, மெல்லிய படலமாகப் பொருத்தலாம். வெயிலில் வைக்காமல் நிழலில் மெதுவாக உலர்த்துவது நல்லது. ஈரப்பதம் மிகுந்த தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உலர்வதற்குக் கூடுதல் நாட்கள் ஆகும். வெடிப்புகளை அதே களிமண்ணை நீரில் குழைத்து அடைக்கலாம். இறுதியாக அக்ரிலிக் வண்ணமும் வார்னிஷும் பூச வேண்டும்.

வார்னிஷ் பூசினாலும் இது நீரைத் தாங்காது. எனவே பேனா, தூரிகை வைக்கப் பயன்படுத்தலாம். செடி வளர்க்க விரும்புவோர், இரு பொருட்களைக் கலந்து பிசையும் எபாக்சி களிமண்ணைக் கையுறை அணிந்து பயன்படுத்தலாம். உணவுப் பொருட்களை வைக்க இரண்டுமே ஏற்றவையல்ல.

கவனிக்க வேண்டியது

களிமண்ணும் வண்ணமும் ஒட்டிய டப்பாவை மறுசுழற்சி செய்வது கடினம். ஆகவே, பல ஆண்டுகள் பயன்படுத்தப்போகும் ஓரிரு டப்பாக்களை மட்டும் அலங்கரித்து, எஞ்சியவற்றைத் தூய்மையாக ஒப்படைப்பதே சிறந்தது.