ரெண்டு சிம் டச் போன்: பெட்டியில் இருப்பதும் இல்லாததும்

பட்டன் போனிலிருந்து டச் போனுக்கு மாறுகிறவர் கடையில் முதலில் கேட்பது விலையை. அடுத்துக் கேட்பது, ரெண்டு சிம் போடலாமா என்று. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் இந்த இரண்டாவது கேள்விக்குத் தனிக் காரணம் இருக்கிறது. கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி வட்டார ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறும் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கிக்குள் போய் மாலையில் திரும்புகிறார்கள். வீட்டில் எடுக்கிற டவர் தோட்டத்தில் எடுக்காமல் போவது மலையில் வாடிக்கை. அதனால் இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்திருப்பதை அவர்கள் விஷயத்தில் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. ஆனால் பெட்டியில் ‘டூயல் சிம்’ என்று அச்சடித்திருந்தால் இரண்டு சிம்மிலும் நெட் வரும் என்று அர்த்தமில்லை. முதல்முறை இணையத்துக்கு வருகிறவர் செட்டை மட்டும் வாங்குவதில்லை. சிம் நிறுவனம், கடன் நிறுவனம், மென்பொருள் நிறுவனம் என்று மூன்று பேரோடு ஒப்பந்தமும் செய்துகொண்டுதான் கடையை விட்டு இறங்குகிறார். அந்த ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாததே குறைந்த விலை போனின் முதல் ஆபத்து. செட்டின் தரம் அதற்கு அடுத்தபடிதான்.

இதற்குப் பொருத்தமான சான்று ஜியோபோன் நெக்ஸ்ட். ரிலையன்ஸ் ஜியோவும் கூகுளும் சேர்ந்து, முதல்முறை பயனாளர்களை மனத்தில் வைத்தே செய்த போன் அது. 2021 நவம்பர் 4, தீபாவளியன்று சந்தைக்கு வந்தது. 5.45 அங்குலத் திரை, 2 ஜி.பி. ராம், 32 ஜி.பி. சேமிப்பு, விலை 6,499 ரூபாய். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதியும், இந்திய மொழிகளுக்கு மாற்றிக் காட்டும் வசதியும் அதில் இருந்தன. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு இவை உண்மையிலேயே உதவக்கூடியவை. அந்தப் பாராட்டில் குறை வைக்க வேண்டியதில்லை. சிம் விஷயம் வேறு. இரண்டு சிம் போடலாம், ஆனால் நெட் ஜியோ சிம்மில் மட்டுமே ஓடும், அடுத்த நிறுவனத்தின் சிம் பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும்தான் என்பது அறிமுகத்தின்போதே வைக்கப்பட்ட நிபந்தனை. சென்னைவாசிக்கு இது பெரிய குறையாகப் படாது. ஜியோ டவர் கிடைக்காத சரிவில் நிற்கிற தோட்டத் தொழிலாளியால், இரண்டாவது சிம்மில் நல்ல சிக்னல் இருந்தாலும் நெட் வழியாக வீட்டுக்குப் பணம் போட முடியாது. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை, எழுத்தில் இருந்தது என்று வாதிடலாம். எழுத்தில் இருந்தது உண்மை. வாங்குகிறவர் கண்ணில் படுவது ‘டூயல் சிம்’ என்ற இரண்டு சொற்கள்.

அந்த மாடல் இன்று பழையதாகிவிட்டது. கேள்வி பழையதாகவில்லை. இப்போது கடைகளில் உள்ள பெரும்பாலான செட்டுகளில் எந்த நிறுவன சிம்மிலும் நெட் ஓடும். ஆனாலும் அலைவரிசை பொருந்த வேண்டும். பி.எஸ்.என்.எல். 4ஜி சேவை 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் தரப்படுகிறது. செட்டின் விவரக்குறிப்பில் இவை பேண்ட் 28, பேண்ட் 1 என்று இருக்கும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை குறைந்த அதிர்வெண் கொண்டது என்பதால் மலைப்பகுதியில் கூடுதல் தூரம் எட்டும். பேண்ட் 28 இல்லாத செட்டுக்கு அந்த அலை பக்கத்தில் இருந்தும் பயனில்லை. இன்னொன்று, இரண்டாவது சிம்மை உயிரோடு வைத்திருக்கும் செலவு. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்திய பிறகு பலர் ஒரு சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்திவிட்டார்கள். 90 நாள் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம், பிறகு அது வேறொருவருக்குப் போகலாம். வங்கிக் கணக்கோடு இணைத்த எண் அதுவாக இருந்தால் ஓ.டி.பி. அந்நியர் கைக்குப் போகும். ப்ரீபெய்டு கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு எண்ணை மேலும் 30 நாள் தக்கவைக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. நெட் இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டத்தையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. இரண்டாவது சிம்முக்கு இதுவே போதும். கடையில் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

தவணைக்கு வருவோம். ஜியோபோன் நெக்ஸ்டை 1,999 ரூபாய் முன்பணமும் 501 ரூபாய் நடைமுறைக் கட்டணமும் கட்டித் தவணையில் எடுக்கலாம் என்றார்கள். அடிப்படைத் திட்டத்தில் மாதம் 300 ரூபாய் வீதம் 24 மாதம். கூட்டினால் 9,700 ரூபாய். மாதம் 5 ஜி.பி. நெட்டும் 100 நிமிடப் பேச்சும் தவணைக்குள் அடக்கம் என்பதால், மேற்படி வரும் 3,201 ரூபாய் முழுவதையும் வட்டி என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் எது செட்டின் விலை, எது ரீசார்ஜ், எது வட்டி என்று வாங்குகிறவரால் பிரித்துப் பார்க்க முடியாதபடி எல்லாம் ஒரே தொகையாகக் கட்டப்பட்டிருந்தது. தவணை தவறினால் போனின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பூட்டு மென்பொருள் உள்ளே இருப்பதாகவும் அப்போதே செய்திகள் வந்தன. வேலை இல்லாத மாதங்களில் தவணை தவறுவது கூலித் தொழிலாளிக்குப் புதிதல்ல. அந்த நேரத்தில் பூட்டப்படுவது வங்கியும் வேலைக்கான அழைப்பும் சேர்ந்திருக்கும் கருவி.

தவணைக் கடனுக்கு இன்று தெளிவான உரிமை ஒன்று உண்டு. 2024 அக்டோபர் 1 முதல், வங்கியோ வங்கி சாரா நிதி நிறுவனமோ தரும் சில்லறைக் கடன்களுக்கு, கட்டணங்கள் உட்பட ஆண்டு வட்டி விகிதம் எவ்வளவு என்று காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தேனியில் தவணைக்குக் கையெழுத்துப் போடுபவர் இதைத் தமிழில் கேட்கலாம். ‘வட்டியே இல்லை’ என்ற பலகையை நம்ப வேண்டாம். வட்டி பல நேரம் நடைமுறைக் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளைக் கண்டித்திருக்கிறது. கடன் செயலி போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்பதும் விதி. வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது.

செட்டின் உள்ளடக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெட்டியில் 8 ஜி.பி. ராம் என்று பெரிதாகவும், பக்கத்தில் பொடி எழுத்தில் 4+4 என்றும் இருந்தால், உண்மையான ராம் 4 ஜி.பி.தான். மீதி, சேமிப்பிடத்தில் கொஞ்சத்தைக் கடன் வாங்கி ராம் போல நடிக்க வைப்பது; வேகம் அந்த அளவுக்கு வராது. 32 ஜி.பி. செட்டில் இயங்குதளமும் நீக்க முடியாத செயலிகளும் போக மிஞ்சும் இடத்தை வாட்ஸ்அப் வீடியோக்கள் சில மாதங்களில் அடைத்துவிடும், செட் ஹேங் ஆகத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத குறை பாதுகாப்பு அப்டேட். எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்று விலை குறைந்த செட்டுகளின் பெட்டியில் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. தமிழ் தெரிவதை மட்டும் யாரும் சலுகையாகச் சொல்லி விற்க வேண்டாம். இந்தியாவில் விற்கும் கைப்பேசியில் அட்டவணை மொழிகள் 22-லும் செய்தியைப் படிக்க முடிய வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி.

இவ்வளவும் பார்த்தால் ஏழை எந்தப் போனைத்தான் வாங்குவது, ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஒன்று மேல் அல்லவா என்ற மறுப்பு வரும். அதில் பாதி உண்மை. இணையம் இல்லாமல் அரசு உதவிக்குக்கூட இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டிய காலத்தில், விலை குறைந்த போனைக் கேலி செய்வது வசதியானவர்களின் பொழுதுபோக்கு. ஆனால் ‘ஏதோ ஒன்று’ என்ற மனநிலையை நம்பித்தான் 2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று ஃப்ரீடம் 251 விளம்பரம் வந்தது; நாடே முன்பதிவுக்கு முண்டியடித்தது, பிறகு மோசடிப் புகார்களும் கைதும் வந்தன. விலை குறைவு என்பது உரிமையைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்ததாக ஆகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஐயாயிரம் ரூபாய் போனுக்கு ஒரு நீதி, ஐம்பதாயிரத்துக்கு ஒரு நீதி என்று கிடையாது.

பணம் பறிபோனால், புதிதாக வந்தவரின் அஜாக்கிரதைதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது இன்னொரு வழக்கம். போக்குவரத்து அபராதம், பி.எம். கிசான் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. என்ற செயலிக் கோப்பைத் தொட்டு ஏமாந்தவர்களில் படித்தவர்களும் நிறையப் பேர். சட்டம் இதை இவ்வளவு எளிதாக முடித்துவிடவில்லை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளருடையது ஆகாது. ஓ.டி.பி.யைத் தானே சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த நேரத்துக்குப் பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும். வாடிக்கையாளர்மேல் தவறு என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கியே. ஆகவே வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைப்பதுதான் பெரிய நஷ்டம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும், வங்கியிலும் சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். 30 நாளில் வங்கி சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448.

போன் தொலைந்தால் ரெண்டு சிம் செட்டில் பலர் விடும் தவறு, செட்டின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யில் ஒன்றை மட்டும் கொடுப்பது. இத்தகைய செட்டுக்கு எண் இரண்டு. ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் இரண்டும் திரையில் வரும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் இரண்டையும் முடக்கலாம். பழைய செட் வாங்குகிறவர்கள், கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து இடம் விட்டு 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தம் பெயரில் தமக்குத் தெரியாமல் யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்றும் அதே தளத்தில் பார்க்கலாம்.

ஏழாயிரம் ரூபாய் போனுக்காக யார் கோர்ட்டுக்கு அலைவது என்பது எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு. கம்பத்திலிருந்து சர்வீஸ் சென்டருக்குத் தேனி வரை போய்வருவதே ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். மலை மழையில் நனைந்த செட்டைக் கண்டதும் தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டி கிடையாது என்று திருப்பி அனுப்புவார்கள். ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அலைச்சலைக் குறைக்கவே சில வழிகளை வைத்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து தமிழிலேயே புகாரைப் பதியலாம். பல தகராறுகள் இந்தக் கட்டத்திலேயே முடிகின்றன. முடியாவிட்டால், ஆன்லைனில் வாங்கிய செட்டாக இருந்தாலும், நிறுவனம் டில்லியில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. கோளாறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் சட்டப் பணிகள் ஆணையக் குழு இலவச வழக்கறிஞரைத் தரும், எண் 15100. பில் தராமல் இருப்பது அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்துவிட்டால் சட்டம் ஓய்ந்துவிடாது. சிறு கடைக்காரரை இது நசுக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. உற்பத்திக் குறைக்கு உற்பத்தியாளரையே பொறுப்பாக்கலாம்; பில் போட்டு விற்ற கடைக்காரருக்கும் அந்தப் பில்தான் பாதுகாப்பு.

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே டச் போன் வைத்திருப்பவர்களாகவே இருப்பார்கள். வீட்டிலோ தெருவிலோ முதல் டச் போன் வாங்கப் போகிறவரோடு கூடக் கடைக்குப் போங்கள். அவருடைய இரண்டு சிம்மையும் போட்டு, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நெட் ஓடுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். தவணை என்றால் வட்டி விவரத்தைத் தமிழில் கேளுங்கள். இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்ணும் எழுதிய ஜி.எஸ்.டி. பில்லை வாங்கி, அதன் நகலை அந்தப் போனுக்குள் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.