பங்குச் சந்தையும் நம் கடை முதலும்

மாசி, பங்குனியில் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் புளி மூட்டையைக் கண்டாலே நமக்கு மனக்கணக்கு ஓடும். கொட்டை எடுத்தால் எவ்வளவு தேறும், குளிர்பதனக் கிடங்கில் ஆடி வரை வைக்கலாமா என்று. சரக்கைக் கையில் பிசைந்து பார்த்துப் போடும் கணக்கு அது. அதிலேயே சில ஆண்டு கையைச் சுட்டுக்கொள்கிறோம்.

அப்படியிருக்க, கண்ணால் பாராத கம்பெனியின் பங்கு நாளை ஏறும் என்று செல்போனில் பணம் கட்டுவது எந்தக் கணக்கு? நாம் அறிந்த மளிகை வணிகர் ஒருவர், ஜவ்வாதுமலைக் கொள்முதலுக்கு வைத்திருந்த பணத்தை 'ஆப்ஷன்' வியாபாரத்தில் விட்டார். சீசனில் வட்டிக்கு வாங்கித்தான் மூட்டை எடுத்தார். இவர் ஒருவரல்ல. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பியூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரம் செய்த தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நட்டப்பட்டதாக 'செபி' 2024-ல் அறிவித்தது. மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்!

சந்தையின் சராசரியை எல்லோரும் மிஞ்ச முடியாது. ஒருவர் மிஞ்சினால் இன்னொருவர் குறைந்தாக வேண்டும். தரகும் கட்டணமும் இருவரிடமும் பிடிப்பார்கள். ஆகவே சராசரியையே குறைந்த செலவில் வாங்கிவிடலாம் என்று அமெரிக்காவில் ஜான் போகிள் 1976-ல் பொதுமக்களுக்குத் தொடங்கியதுதான் 'இன்டெக்ஸ் பண்டு'. நம் நாட்டில் 'நிப்டி' பட்டியலின் 50 கம்பெனிகளையும் அதே விகிதத்தில் வாங்கி வைப்பார்கள். ஆராய்ச்சிக்காரர் சம்பளம் இல்லாததால், 100 ரூபாய்க்கு ஆண்டுக் கட்டணம் கால் ரூபாய்க்குக் கீழேகூட உண்டு. ஆள் வைத்துப் பங்கு பொறுக்கும் திட்டங்களில் ஒன்றரை, இரண்டு ரூபாய் வரை போகும். அரிசி மூட்டையில் கிலோவுக்குக் கால் ரூபாய் பேரம் பேசும் நாம் இதைக் கேட்காமல் விடலாமா? தொழிலாளர் பி.எப். பணத்தில் ஒரு பகுதியும் 2015 முதல் குறியீட்டெண்ணைப் பின்பற்றும் நிதிகளுக்கே போகிறது.

ஆனால் இதுவும் இறங்கும். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட 'சென்செக்ஸ்', அக்டோபரில் 9,000-க்குக் கீழே வந்தது. அந்த ஐப்பசியில் தீபாவளிச் சரக்குக்குப் பணம் எடுக்க நேர்ந்தவரின் கதி என்ன? பத்தாண்டு தொடாமல் விடக்கூடிய பணம் மட்டுமே இதற்கு. பெண்ணின் படிப்பு, நம் வயோதிகம் போன்றவற்றுக்கு மாதாமாதம் கட்டலாம். புளிக்கும் சாமைக்கும் வைத்த பணம் வங்கியிலேயே இருக்கட்டும். கட்டச் சேரும் நாளில், "வருஷத்துக்கு எவ்வளவு பிடிப்பீர்கள்?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.