துபாயில் மாட்டிய பெல்ட்



குமரி மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் வளைகுடாவில் கட்டட வேலை பார்த்துத் திரும்பிய ஒரு கொத்தனாராவது இருப்பார். பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெரிய சைட்டில் ஹெல்மெட் இல்லாமல் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள் என்பார். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-க்கு வெயில் வேலையை நிறுத்தினால் 3 மணிக்குத்தான் மறுபடி தொடங்கலாம். சிங்கப்பூர் போனவரானால், பாதுகாப்புப் பாடம் படித்துத் தேறினால்தான் கட்டட வேலையில் நீடிக்க முடியும் என்பார். அந்தப் பாடம் அங்கே தமிழிலும் நடக்கிறது. இதையெல்லாம் பழகி வந்த அதே ஆள் தக்கலையில் மாடிப் பூச்சுக்கு வெறுந்தலையோடு ஒற்றைப் பலகையில் நிற்கிறார். நம் ஆட்களுக்கு அக்கறை போதாது என்று பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அங்கே அவரைத் தடுத்து நிறுத்த ஒரு கேட் இருந்தது. இங்கே இல்லை.

உயரத்தின் கணக்கைப் பாருங்கள். 6 மீட்டர், அதாவது மொட்டை மாடி உயரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் தரையைத் தொட 1.1 விநாடிதான் ஆகும். தொடும்போது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். ‘சுதாரித்துக்கொள்வேன்’ என்பதற்கு அதில் இடமே இல்லை. ஆகவே, செய்ய வேண்டியதை எல்லாம் ஏறுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். சாரத்தில் பலகைகளை இடைவெளி இல்லாமல் போட்டு, இடுப்பளவில் ஒரு குறுக்குக் கம்பு கட்ட வேண்டும். நமக்கு இரண்டு பருவமழை. கயிற்றுக் கட்டு நனைந்து காய்ந்து தளரும் என்பதால் காலையில் யாராவது ஒருவர் அதை இழுத்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைச் சாரக்கம்பிலேயே மாட்டுகிறவர்கள் உண்டு. சாரம் சரிந்தால் பெல்ட்டும் ஆளும் சேர்ந்தே வருவார்கள். கொக்கி இறுகிய தூணிலோ பீமிலோ, தலைக்கு மேலே இருக்க வேண்டும். காலடியில் மாட்டினால், கயிறு இழுத்துப் பிடிப்பதற்குள் அதன் நீளத்தைப்போல இரு மடங்கு விழுந்திருப்பார்.

இதைச் சொல்லிக்கொடுக்க அரை நாள் போதும். அந்த அரை நாள் கூலியை யார் தருவது என்பதில்தான் எல்லாமே நின்றுபோகிறது.

இதைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. கட்டடச் செலவில் 1 சதவீதம் என்று வசூலாகும் நலநிதிதான் அதற்கு வரும்படி. அந்த வாரியம் பதிவுபெற்ற தொழிலாளர்களைச் சென்னையை ஒட்டிய தையூருக்கும், காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி கம்பெனி நடத்தும் பயிற்சி நிலையத்துக்கும் திறன் பயிற்சிக்கு அனுப்புகிறது. ஒரு வாரப் பயிற்சிக்கு வருகிறவருக்கு இழந்த வேலைக்கு ஈடாக நாளொன்றுக்கு 800 ரூபாய். அரசும் கம்பெனியும் சேர்ந்து நடத்துவதைவிட எனக்கு அந்த 800 ரூபாய்தான் பெரிதாகத் தெரிகிறது. பயிற்சிக்குப் போனால் அடுப்பு எரியாது என்பதை ஒரு அரசாணை ஒப்புக்கொண்டிருக்கிறதே! ஆனால், குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டத்துக் கொத்தனாருக்குத் தையூர் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். திருவனந்தபுரத்தில் நல்ல கூலி காத்திருக்கும்போது அவர் ஏன் சென்னைக்கு ரயில் ஏறப்போகிறார்?

சட்டத்தின் பிடி எவ்வளவு என்று கேட்பீர்கள். 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தியது. நம் ஊர் வீட்டு வேலையில் தினமும் நாலைந்து பேர்தானே என்று தோன்றும். சட்டத்தின் வாசகம் வேறாக இருந்தது: முந்தைய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் பத்துப் பேர் இருந்தாலே போதும். வார்ப்பு நாளை நினைத்துப் பாருங்கள். மிக்ஸர் மிஷினோடு வரும் கூட்டத்தைச் சேர்த்தால் பத்தைத் தாண்டிவிடும். சொந்தக் குடியிருப்புக்கு மட்டும் 10 லட்சம் ரூபாய்ச் செலவு வரை விலக்கு இருந்தது. இன்றைய சிமெண்ட், கம்பி விலையில் அதற்குள் முடியும் வீடு அபூர்வம். ஆனால், 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த 10 லட்சம் 50 லட்சமாகிவிட்டது. நாஞ்சில் நாட்டு வீடுகளில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். இது நல்லதற்கில்லை என்பது என் எண்ணம்.

எனவே கேட்டை நாமே போட வேண்டியிருக்கிறது. தொழிற்சங்கங்கள் வாரியப் பதிவுக்கு ஆள் திரட்டிப் பழகியவை, பயிற்சிக்கும் திரட்டலாம். சொல்லிக்கொடுக்க வளைகுடாவிலிருந்து வந்தவர்களே போதும். பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று நம் பேச்சிலேயே அவர்கள் காட்டுவார்கள். பயிற்சியை வார்ப்புக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளலாம். வாரியம் அந்த 800 ரூபாயைத் தையூரில் தருவதுபோல மார்த்தாண்டத்திலும் தரட்டும்.

வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு. சதுர அடி ரேட்டுக்கு மொத்தமாகப் பேசும்போது சாரத்தின் செலவும் அதற்குள்ளேயே போய்விடுகிறது; கூடுதலாகப் போடும் ஒவ்வொரு பலகையும் காண்ட்ராக்டரின் கைநஷ்டம். சாரம், குறுக்குக் கம்பு, ஹெல்மெட், பெல்ட் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு தொகை எழுதி வாங்குங்கள். வார்ப்பு நாள் காலையில் அந்தத் தாளோடு போய் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம்.